மெட்ஃபார்மின் சாப்பிட்டும் நீர்க்கட்டி கரையவில்லை, நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் சாப்பிட்டும் இரண்டாவது ஸ்கேனில் அதே நீர்க்கட்டிகள் இருக்கின்றன என்கிறீர்கள், ஆனால் அந்த மாத்திரையைக் கட்டி கரைக்கக் கொடுப்பதே இல்லை. நானும் கடலூர்தான், மஞ்சக்குப்பம், பல வருஷமாக பிசிஓஎஸ்ஸோடு (பிசிஓடி என்றும் சொல்வார்கள், ஹார்மோன் கோளாறால் சினைப்பையில் கருமுட்டை சரியாக வளராத பிரச்சினை) இருப்பவள். இங்கே எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒரு அத்தை "கட்டி கரைஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

ஸ்கேனில் கறுப்பு கறுப்பாகத் தெரிபவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள், ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். உங்களுக்கு வலது சினைப்பையின் கன அளவு 12 சிசி, இடது 11. பத்தைத் தாண்டினாலே பெரிது என்று எழுதுவார்கள். அதை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்ட முடியாது. பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் வருவது, ஆண் ஹார்மோன் கூடியிருப்பது (முகத்தில் முடி, விடாத பரு, இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையில்), ஸ்கேன், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், தைராய்டும் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனும் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நிபுணர்கள் கூடி வகுத்த இந்தக் கணக்குதான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்துச் சொல்லவே கூடாது, அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படி இருக்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நான் தேடுவது ஈடி என்ற வரியை. கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமன் அது. பீரியட்ஸ் வராமல் மாதக்கணக்கில் அது தடித்துக்கொண்டே போவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம், ஏனென்றால் பின்னாளில் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம், அதனால்தான் 90 நாள் தாண்டினால் ப்ரொஜெஸ்டிரான் ஹார்மோன் கொடுத்து வரவைக்கிறார்கள். அப்புறம், பிஓடி என்று ஒன்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைத்தான் அப்படிக் குறிப்பார்கள், பிசிஓடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மெட்ஃபார்மின் வேலை இன்சுலின் பக்கம், உடம்பு இன்சுலினை ஒழுங்காகப் பயன்படுத்த உதவும். பலன் தெரிகிறதா என்பதை பீரியட்ஸ் இடைவெளி, சர்க்கரை, இடுப்பளவு இவற்றில் பாருங்கள். வயிறு கலக்கினால் சாப்பாட்டோடு போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மெல்லக் கரையும் எஸ்ஆர் மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லலாம். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதையும் ஒருமுறை பாருங்கள். கருத்தடை ஹார்மோன் மாத்திரை எழுதினால், கண்முன் வெளிச்சம் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, பிபி, ரத்தம் உறையும் தொந்தரவு எது இருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டி போச்சா என்று பார்க்க மாதாமாதம் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. டாக்டரே கேட்டால் சரி. கல்யாணமாகவில்லை என்கிறீர்கள், வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அதற்காக பாண்டி ஸ்கேன் சென்டருக்குப் போகிறவர் கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு ஏறாதீர்கள், அங்கே போய் உட்கார்ந்து குடியுங்கள்.