மேடைக் கேள்விகள்: துரியோதனனும் தேரோட்டி மகனும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து கர்ணன்–துரியோதனன் நட்பை 15 நிமிட நாடகமாகப் போடுகிறோம். ஒத்திகையில் இரண்டு ராஜாக்கள் அரட்டை அடிப்பதுபோலத்தான் இருக்கிறது. ஏற்றத்தாழ்வு எங்கே போனது?
– ஓர் ஆசிரியை, செய்யாறு

பதில்: கர்ணனுக்கு முதல் காட்சியிலேயே கிரீடம் மாட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேயே கதை முடிந்துவிடுகிறது. அரங்கேற்றக் களத்தில் வெறுந்தலையோடு நிற்கட்டும். ஆசான் கிருபர் குலம் கேட்கிறார். கர்ணன் தலை குனிகிறான். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுக்கிறான். 'இதற்கு நான் என்ன தருவது?' என்று கர்ணன் கேட்க, 'உன் நட்பு போதும்' என்கிறான். இந்த இடத்தில் மூன்று விநாடி சும்மா நிற்கச் சொல்லுங்கள். கேட்டது நட்புதான், ஆனால் ஒரு நாட்டுக்கு ஈடாகக் கேட்டது.

அடுத்து, கர்ணனை வளர்த்த தேரோட்டி அதிரதன் தடியை ஊன்றித் தள்ளாடி வருகிறான். வியாச பாரதத்தில் அபிஷேக நீர் சொட்டும் தலையோடு கர்ணன் அவனை வணங்குகிறான்; சாட்டையை எடுத்துக்கொள் என்று பீமன் ஏளனம் செய்வது அதற்குப் பிறகுதான். ஆகவே முதலில் நீர், பிறகு வணக்கம், அதற்கப்புறம் கிரீடம். வரிசை மாறினால் குனியும்போது கிரீடம் கழன்று விழும், பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். கூத்தில் கட்டுவதுபோல உள்ளே இறுக்கித் துணித் தலைக்கட்டு கட்டுங்கள். செம்பில் அரை டம்ளர் தண்ணீர் போதும். உச்சிக்குப் பின்னால் ஊற்றுங்கள், நெற்றியில் இறங்கினால் அரிதாரம் கரைந்து கண்ணுக்குள் போகும்.

கேள்வி: 'எடுக்கவோ கோக்கவோ' காட்சியில் பாசிமணி உருண்டோடி, பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். அதை விட்டுவிடலாமா?
– அதே ஆசிரியை

பதில்: விட வேண்டாம். துரியோதனன் மனைவியோடு கர்ணன் இருக்கும்போது அவள் அணி அறுந்து மணி சிந்த, அங்கே வரும் துரியோதனன் சந்தேகப்படாமல் 'எடுக்கவோ, கோக்கவோ' என்று கேட்கும் இடம் அது. ஆனால் கழுத்து மாலையை அறுக்கிறீர்களே, அது தப்பு. வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் சிந்துவது மேகலை மணி, அதாவது இடுப்பணி. அந்தப் பாட்டில் சொக்கட்டான் ஆட்டமும் இல்லை. அது பின்னால் சேர்ந்துகொண்டது. வியாசரிடம் இந்த நிகழ்ச்சியே கிடையாது.

நைலான் நரம்பில் கோத்தால் வேண்டிய நேரத்தில் அறாது. ஒற்றைத் தையல் நூல் போதும். 60 மணி என்றால் 40-ஐ முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டு, 20 மட்டும் சிந்தும்படி விடுங்கள். கண்ணாடி மணி சிமெண்டுத் தரையில் துள்ளும், மரமணி அவ்வளவு துள்ளாது. கீழே ஜமக்காளம் விரித்தால் உருளாது. சத்தம் குறைந்துவிடும்தான், அந்த நேரம் பார்த்துத் தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டட்டும்.

இன்னொன்று: வில்லிபுத்தூரார் இதை நேரே காட்டவில்லை. போருக்கு முன், பெற்ற தாய் குந்தி வந்து பாண்டவர் பக்கம் அழைக்கும்போது, வரமாட்டேன் என்பதற்குக் காரணமாகக் கர்ணன் வாயால் சொல்லவைக்கிறார். நீங்களும் அப்படியே செய்யலாம். குந்தி முன்னால் நிற்க, கர்ணன் பேசப் பேச, பின்னால் துரியோதனன் வாய் திறக்காமல் குனிந்து மணி பொறுக்கட்டும். ராஜா தரையில், தேரோட்டி மகன் நின்றபடி. நாடகம் முழுவதிலும் இந்த ஒரு தடவைதான் கர்ணன் உயரத்தில் நிற்க வேண்டும். மற்ற இடங்களில் அரைப்படி கீழேயே நிறுத்துங்கள். ஒரு பலகை போட்டால் போதும்.

'செஞ்சோற்றுக் கடன்' என்ற சொல் வருவதும் அதே பாட்டில்தான். 'கடன்' என்பதை அழுத்திச் சொல்லப் பழக்குங்கள். பையன்கள் 'செஞ்சோற்று' என்பதில் கத்திவிட்டுக் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள்.