கீமோ எடுக்கும் அக்காவுக்கு ஆன்மிக ரீதியாக எப்படித் துணை நிற்பது?

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் அக்கா, பிரார்த்தனை என்று வாயெடுத்தாலே எரிந்து விழுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவள்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று 4, அப்புறம் வாராவாரம் 12. முதல் வேலையாக, பிரார்த்தனை செய்யச் சொல்வதை நிறுத்துங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் இரண்டாவது கீமோவுக்குப் பிறகு, சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த பிரார்த்தனை நாலாவது வரியில் அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன், அதே இடத்தில் நின்றுவிடும். கீமோ காலத்தில் ஞாபகமும் கவனமும் மங்குவது பலருக்கு நடப்பதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடவுளே கையை விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு தோழியிடம் சொல்லி அழுதபோது, "நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன், நீ கண்ணை மூடிப் படு" என்றாள். பாதியிலேயே தூங்கிப்போனேன். அந்த ஐந்தாறு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆன்மிகத் துணை என்றால் அதைத்தான் சொல்வேன்.

அக்காவின் கோபத்துக்கு அடியில் "நான் என்ன பாவம் செய்தேன்?" என்பது இருக்கலாம். மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பதையும் வயதையும் தவிர குறிப்பிட்ட ஆபத்துக் காரணம் எதுவும் இருப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. அதற்காக அக்கா வாய் திறந்ததுமே இதைத் தூக்கி நீட்டாதீர்கள். "ஏன் எனக்கு?" என்று கேட்பவர் அந்த நிமிடம் விளக்கத்துக்காகக் கேட்பதில்லை. "கடவுள் சோதிக்கிறார்" என்று சொல்ல வரும் உறவினர்களை மட்டும் வாசலிலேயே மடக்குங்கள். நோயைத் தண்டனையாக எண்ணுகிறவர்களுக்கு மன உளைச்சல் அதிகம் என்பதை கென்னத் பார்கமென்ட் போன்ற உளவியலாளர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். கடவுளைத் திட்டினால் திட்டட்டும். நானும் திட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் சிகிச்சைக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1967-இல் லண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை (ஹாஸ்பைஸ்) தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடல், மனம், உறவுகளோடு ஆன்மாவின் வலியும் சேர்ந்தது என்றார். நோயாளியின் நம்பிக்கையைப் பற்றி மருத்துவர்கள் கேட்பதற்கென்றே கேள்விகள் இருக்கின்றன: எது உங்களைத் தாங்குகிறது, அது எவ்வளவு முக்கியம், உங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டா, இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும். மதமே இல்லாதவரிடமும் இவற்றைக் கேட்கலாம்.

என்னிடம் அப்படிக் கேட்டது ஒரு நர்ஸ். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு கீமோ மருந்தை என் மருத்துவமனையில் சிரிஞ்சில் எடுத்து, கையாலேயே மெதுவாக ஏற்றுவார்கள். ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் என்பதால் ஏற்றி முடியும்வரை அவர் எழுந்து போக முடியாது. கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமலே, "வீட்ல யாருகிட்ட மனசு விட்டுப் பேசுவீங்க?" என்றார். யாரிடமும் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இரண்டு எச்சரிக்கை. விரதம் இருக்க ஆசைப்பட்டாலோ, யாராவது மூலிகை கொடுத்தாலோ முதலில் புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். கீமோ ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கூட்டு வழிபாட்டுக் கூட்டம் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பிரார்த்தனை அப்புறம், முதலில் மருத்துவமனை.

கடைசியாக ஒன்று. வாந்தி வராமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கு எல்லாக் கேள்வியும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வந்தன. அக்காவுக்கு கீமோ போட்ட அன்றைக்கு உங்கள் போனை சைலண்டில் போடாமல் படுங்கள்.