கழுத்து ரத்தக் குழாயில் பிளேக் இருந்தால் வேகமாக நடக்கலாமா?

ஈரோட்டிலிருந்து 54 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாஸ்டர் செக்கப்பில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். வலது கழுத்து ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் பிளேக் என்ற கொழுப்புப் படிவு, சுமார் 35 சதவீத அடைப்பு என்று வந்திருக்கிறது. கொழுப்பு ரத்தத்தோடு உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, அந்த ஓரிடத்தில் மட்டும் ஏன்? ரத்தம் வேகமாக மோதி மோதித்தான் சுவர் கெட்டுப்போகும், அதனால் வேக நடையை நிறுத்திவிடு என்கிறார் நண்பர். எண்ணெய் தேய்த்துக் கழுத்தை நீவிவிட்டால் கரையுமா?"

நடையை நிறுத்தாதீர்கள். கழுத்தை நீவவே நீவாதீர்கள். ஏன் என்பதற்கு, அந்தப் பிளேக் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொல்வது ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே சொன்னதுதான். 1968இல் அமெரிக்காவில் டொனால்ட் ஃப்ரை நாய்களில் சோதனை செய்து, ரத்தத்தின் உரசல் மிக அதிகமானால் குழாயின் உட்பூச்சு சேதமாகிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டே லண்டனில் காலின் கேரோவும் அவரோடு வேலை செய்தவர்களும் நேர் எதிராகச் சொன்னார்கள்: படிவு வருவது உரசல் அதிகமான இடத்தில் இல்லை, குறைவான இடத்தில்தான். 1985இல் வந்த ஓர் ஆய்வு உங்களுடைய இதே கழுத்துக் குழாயை எடுத்துக்கொண்டது. இறந்தவர்களின் குழாய்ச் சுவர் எங்கே தடித்திருக்கிறது என்று அளந்து, அதே வடிவத்தில் செய்த மாதிரிக்குள் திரவத்தை ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் நேராகப் போய் மோதும் இடம், அதாவது இரண்டு கிளைகளுக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு, பெரும்பாலும் சுத்தமாக இருந்தது. சுவர் தடித்திருந்தது எதிர்ப்பக்கம், வெளிச்சுவரில். மூளைக்குப் போகும் கிளை அங்கே ஆரம்பத்திலேயே கொஞ்சம் உப்பியிருக்கும். வாய்க்கால் திடீரென்று அகலும் இடத்தில் கரையோரத் தண்ணீர் மட்டும் தயங்கிப் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் இங்கேயும் நடக்கிறது: நடுவில் ரத்தம் முன்னே பாய, வெளிச்சுவரை ஒட்டிய ரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று முன்னே போய்ச் சற்றுப் பின்னே வருகிறது.

இதில் இரண்டு விசைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஒன்று, சுவரை வெளியே தள்ளும் அழுத்தம், நீங்கள் பிபி என்று அளப்பது. 120 என்றால் 1.6 மீட்டர் உயரத் தண்ணீர் நிற்கும் அழுத்தம், கிட்டத்தட்ட 16,000 பாஸ்கல். இன்னொன்று, ரத்தம் ஓடும்போது சுவரின் மேற்பரப்பை இழுத்து உரசும் விசை, மருத்துவர்கள் ஷியர் என்பது. நல்ல நிலையில் உள்ள தமனியில் அது ஒன்றிரண்டு பாஸ்கலிலிருந்து ஏழு பாஸ்கல் வரை. ஒரு பாஸ்கல் என்பது 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்ணீர்ப் படலத்தின் கனம், அவ்வளவுதான். ஆனால் குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்களுக்கு இந்தத் துளி விசை தெரிகிறது, அதை வைத்துத்தான் அவை நடந்துகொள்கின்றன. உரசல் ஒரே திசையில் சீராக இருந்தால் செல்கள் ஓட்டத்தின் போக்கிலேயே நீண்டு படுத்து, நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, குழாயைத் தளர்வாகவும் வழவழப்பாகவும் வைத்துக்கொள்கின்றன. உரசல் 0.4 பாஸ்கலுக்கும் கீழே போய், திசையும் மாறி மாறி வந்தால், அதே செல்கள் உருண்டு, ஒழுங்கில்லாமல், இடைவெளி விட்டு நிற்கின்றன. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு அந்தச் சந்து வழியாகச் சுவருக்குள் கசிந்து தங்குகிறது, செல்கள் ஒட்டும் மூலக்கூறுகளை வெளியே நீட்டுகின்றன, வெள்ளணுக்கள் அதில் பிடிபட்டு உள்ளே போய்க் கொழுப்பை விழுங்கி வீங்குகின்றன.

ஆக பிளேக் என்பது குழாயின் உள்ளே பூசிக்கொண்ட அழுக்கு இல்லை, உட்பூச்சுக்கு அடியில், சுவருக்குள்ளேயே வளர்ந்த ஒன்று. வெளியிலிருந்து நீவிக் கரைக்க வழியே கிடையாது. அதைவிட முக்கியம், அந்த இடத்தை அழுத்தினால் இதயத் துடிப்பும் பிபியும் திடீரென்று இறங்கலாம், பிளேக்கிலிருந்து துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்கும் போகலாம். சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் நல்ல குழாயே கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எல்லோருக்கும் கழுத்தில் இதே கிளைதான், இதே சுழல்தான், எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? ஓட்டம் முடிவு செய்வது இடத்தை மட்டும். நோய் வருமா, எவ்வளவு வளரும் என்பதை முடிவு செய்வது எல்டிஎல், பிபி, சுகர், புகை. அழுத்தத்தின் பங்கைப் பார்க்க பைபாஸ் செய்தவர்களின் கால் வெய்னை (சிரையை) எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயது வரை காலில் இருந்தபோது அதில் ஒரு படிவும் வராது. அதையே எடுத்து இதயத்தில், தமனியின் அழுத்தத்தில் வைத்துத் தைத்தால், சில ஆண்டுகளிலேயே அதற்குள்ளும் கொழுப்பு சேர ஆரம்பிக்கிறது. அதனால் நீங்கள் பயப்பட வேண்டியது நாள் முழுக்கக் குறையாமல் நிற்கும் பிபிக்கு. நடக்கும் அரை மணி நேர வேகத்துக்கு இல்லை.

நடக்கும்போது ரத்தம் கூடுதலாக ஓடுகிறது, உரசல் சீராக உயர்கிறது, சுவருக்கு வேண்டியது அதுதான். வயிற்றுப் பெருந்தமனியில் சிறுநீரகத்துக்குக் கீழே, சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கொஞ்சம் பின்னே போய் வரும். படிவுக்குப் பேர்போன இடம் அது. கால்கள் இயங்க ஆரம்பித்தால் அந்தப் பின்னோட்டம் நின்று எல்லாம் முன்னோக்கிப் போகிறது. எனக்கு இந்த ஒரு விஷயமே நடைக்குப் போதுமான காரணமாகத் தெரியும். நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ இருந்தால் மட்டும் முதலில் இதயப் பரிசோதனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடை தூக்காதீர்கள், அந்த நொடியில் பிபி 200ஐத் தாண்டிவிடும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அடைப்பு பெரிதாகிக் குழாய் குறுகிவிட்டால் கதை மாறும், அந்தக் குறுகலில் உரசல் மிக அதிகமாகி, பிளேக்கின் மேல்மூடி பலவீனப்படலாம். நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை. 70 சதவீதத்தைத் தாண்டி அறிகுறியும் வந்தவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சையால் தெளிவான பலன் உண்டு, 35க்கு மருந்துதான். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தந்திருந்தால் ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்டிஎல் 70க்குக் கீழே இருப்பது உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவான இலக்கு. புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள், புகையின் கெடுதலை ஈடுகட்டும் மாத்திரை எதுவும் கிடையாது.

வலது குழாய் என்பதால் இடது கை அல்லது கால் திடீரென்று மரத்துப்போவது, செயலிழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, வலது கண்ணில் திரை விழுந்தது போல் பார்வை மறைவது, இதில் எது வந்தாலும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட உடனே 108ஐ அழைத்து, சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. மறுபடி டாப்ளர் எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, முடிந்தவரை அதே சென்டரிலேயே எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள்.