ஸ்டீமா, எபிக்கா, ஜிஓஜியா? கடைக்கு வந்த கேள்விகள்

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரேம் மாற்ற வருகிறவர்கள்கூட, ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்று இணையத்தில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் கடைகளில் எதில் வாங்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கேள்விகளை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பதில்கள் இதோ.

அண்ணாச்சி, ஸ்டீம், எபிக், ஜிஓஜி மூணுல எது பெஸ்ட்? ஒரே வார்த்தையில சொல்லுங்க. (மேலப்பாளையம், கல்லூரி மாணவர்)

ஸ்டீம். காரணம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள். பாதி வழியில் நானே கட்சி மாறியிருப்பேன்.

காசு குடுத்து வாங்குன கேம் நமக்குச் சொந்தம் இல்லைன்னு என் கூட்டாளி சொல்லுதான். நெசமா? (கல்லிடைக்குறிச்சி)

நிஜம்தான். நிலத்துக் கணக்கில் சொன்னால், நமக்கு இருப்பது அனுபவ பாத்தியம். பட்டா கம்பெனி பேரில்தான் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் 'நீங்கள் வாங்குவது உரிமம்' என்று எழுதிவிட்டது. கலிஃபோர்னியாவில் அப்படிச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்ததுதான் காரணம்.

இதில் பயப்பட வேண்டிய இடம் எது என்று மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீமில் ஒரு கேமை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டாலும், முன்பே வாங்கியவர்கள் பெரும்பாலும் மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். ஆபத்து கேமுக்குள்ளேயே இருக்கலாம். யுபிசாஃப்ட் என்ற கம்பெனியின் 'தி க்ரூ' 2014ல் வந்த கார் ரேஸ் கேம். தனியாக ஓட்டுவதற்குக்கூட கம்பெனி சர்வர் வேண்டும் என்று செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்த அத்தனை பேருடைய காரும் நின்றது. டிஸ்க்கில் வாங்கியவருக்கும் அதே கதிதான். அதனால் எந்தக் கடை என்று பார்க்கும் முன், இணையம் இல்லாமல் இந்த கேம் ஓடுமா என்று பாருங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் நான் ஜிஓஜி கட்சி. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008ல் தொடங்கிய கடை அது. சட்டப்படி அங்கேயும் உரிமம்தான் தருகிறார்கள். ஆனால் பூட்டு எதுவும் போடாத இன்ஸ்டாலர் ஃபைல் நம் கைக்கு வந்துவிடும். என் கடை மேஜை டிராயரில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. மேலே பிளாஸ்திரி ஒட்டி 'கேம், அழிக்காதே' என்று எழுதியிருக்கிறேன். நெட் இல்லாத கம்ப்யூட்டரிலும் அதைச் சொருகி ஏற்றிவிடலாம். புதுசாக வந்த பெரிய கேம் எல்லாம் அங்கே கிடைக்காது, அது ஒரு குறை. எனக்கு ரொம்பப் பிடித்த பழைய கேம்களை மட்டும் அங்கே வாங்குகிறேன்.

எங்க ஊரு நெட்டுக்கு 100 ஜிபி கேம் எல்லாம் ஆகுற காரியமா? டிஸ்க்கே தேவலையே? (திசையன்விளை)

40 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் வந்தால் 100 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரம். ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் ஃபைபர் அறுந்து தொங்குகிற நாளில் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். கரண்ட் போனாலும் லைன் போனாலும் ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்தக் கவலை வேண்டாம்.

டிஸ்க் தேவலை என்கிறீர்களே, ஒரு கதை சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் அழகான பெட்டியில் கேம் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பிரித்தால், உள்ளே ஒரு டிஸ்க், ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் இருந்த கோட் நம்பரை ஸ்டீமில் போட்டால்தான் கேம் திறக்கும். டிஸ்க்கில் இருந்தது கேமில் பாதிகூட இல்லை, மீதி டவுன்லோட். அப்போது என் இணைப்பில் இரவு 2 மணி முதல் காலை 8 வரைதான் கணக்கில்லாமல் இறக்கலாம். அலாரம் வைத்து எழுந்து, மோடம் விளக்கு பச்சையாக மின்னுவதைப் பார்த்துக்கொண்டே ஐந்து இரவு உட்கார்ந்தேன். எங்க அம்மா, பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்து காப்பி போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அதைவிட நல்ல வழி இருக்கிறது. 2023ல் ஸ்டீம் ஒரு வசதி கொடுத்தது. ஒரே வைஃபையிலோ லேன் வயரிலோ இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றில் கேம் இருந்தால், மற்றது இணையத்துக்குப் போகாமல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருக்கும் அண்ணனோ தம்பியோ லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு லீவுக்கு வரட்டும். இரண்டையும் லேன் வயரில் கோத்துவிட்டால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பெரும்பகுதி வந்திருக்கும். கேமை நீங்களும் வாங்கியிருக்க வேண்டும், இரண்டு கம்ப்யூட்டரிலும் ஸ்டீம் ஆன்லைனில் இருக்க வேண்டும், கொடுக்கிறவர் ஸ்டீம் செட்டிங்கில் மற்றவருக்கு அனுப்ப அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.

தம்பி, பையன் எட்டாம் வகுப்பு. என் கார்டைப் போட்டு ஸ்டீம் கணக்கு ஆரம்பிக்கணும்ங்கான். குடுக்கலாமா? (பாளையங்கோட்டை, ஒரு அம்மா)

பதின்மூன்று வயது முடிந்திருந்தால் ஆரம்பிக்கலாம், அக்கா. ஆனால் கார்டை அவன் கணக்கில் போடாதீர்கள். ஸ்டீம் ஃபேமிலிஸ் என்று 2024ல் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் ஆறு பேர் வரை சேரலாம், ஒருவர் வாங்கிய கேம்களில் பெரும்பாலானவற்றை மற்றவரும் விளையாடலாம். நீங்கள் பெரியவர், அவன் பிள்ளை என்று போட்டுவிட்டால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த கேம் என்பதை நீங்கள் வைக்கலாம். அவன் ஏதாவது வாங்க நினைத்தால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்.

இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் வாங்கிய கேமில் அவன் ஏமாற்றி விளையாடி மாட்டினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். 'இலவசமாக ஸ்கின் (கேமுக்குள் ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடும் அலங்காரம்) தருகிறோம்' என்று யார் லிங்க் அனுப்பினாலும் அதில் பாஸ்வேர்டு போடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். கணக்கைப் பறிகொடுத்துவிட்டு அழுகிற முகத்தோடு என் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த லிங்க்கைத் தொட்டவர்கள்தான்.

வாங்குன கேம் லேப்டாப்புல திக்கித் திக்கி ஓடுது. பணம் திரும்பக் கிடைக்குமா? (தென்காசி)

வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீம் பொதுவாகக் கேள்வி கேட்காமல் திருப்பித் தரும். ஆனால் கேம் திறந்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடும். செட்டிங்கை ஏற்றி இறக்கிக்கொண்டே ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அரை மணியில் ஒத்துவராவிட்டால் மூடிவிடுங்கள்.

நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு கேம் பண்ணுதோம். எங்க போட்டா காசு மிஞ்சும்? (அபிஷேகப்பட்டி)

இப்படி ஒரு கேள்வி நம் பக்கத்திலிருந்து வந்ததே எனக்குச் சந்தோஷம். 500 ரூபாய் கேம் விற்றால் ஸ்டீம் 30 சதவீதம், அதாவது 150 ரூபாய் எடுக்கும். விற்பனை ஒரு கோடி டாலர் தாண்டினால் 25, ஐந்து கோடி தாண்டினால் 20. பெரிய கம்பெனிக்குத்தான் தள்ளுபடி, சின்னவனுக்கு முழு விலை. நம் ஊர் மொத்த வியாபாரத்திலும் அதே நியாயம்தானே! எபிக் 2018 டிசம்பரில் வந்தபோதே 12 சதவீதம் போதும் என்றது. அந்த 500ல் 60 ரூபாய். 2025 ஜூன் முதல், ஒரு கேமுக்கு வருஷத்தில் முதல் பத்து லட்சம் டாலர் வரை அதையும் எடுப்பதில்லை.

எபிக்கில் போட்டால் 150 ரூபாயும் மிச்சம் என்று பார்த்தவுடனே ஓடிவிடாதீர்கள். கூட்டம் ஸ்டீமில்தான் இருக்கிறது. ஆளில்லாத தெருவில் வாடகை குறைவு என்பதற்காகக் கடை போடுவீர்களா? முதலில், சின்னக் குழுக்கள் தங்கள் கேமைப் போடும் இட்ச் (itch.io) தளத்தில் இலவசமாகப் போடுங்கள், கட்டணமே கிடையாது. பத்துப் பேர் விளையாடித் திட்டட்டும். திருத்திவிட்டு, 100 டாலர் கட்டி ஸ்டீமில் ஏற்றுங்கள். 1000 டாலர் விற்றால் அந்த 100 திரும்பி வந்துவிடும்.

என் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. ஸ்டீம் ஓடுமா? (சங்கரன்கோவில்)

2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. மெஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பார்ப்போம்.

எபிக்குல வாராவாரம் சும்மா குடுக்கானே, என்ன உள்குத்து? (வள்ளியூர்)

ஆள் பிடிக்கத்தான், வேறொன்றும் இல்லை. 2020 மே மாதம் ஜிடிஏ 5 மாதிரி பெரிய கேமையே சும்மா கொடுத்தார்கள். எடுத்தது உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும், கார்டு நம்பர் கேட்பதில்லை. வியாழன் இரவு ஒன்பதரைக்கு மேல் திறந்து பாருங்கள், புது கேம் மாறியிருக்கும். நானும் வாரம் தவறாமல் எடுக்கிறேன். சேர்த்தது நூற்றுக்கு மேல் இருக்கும், திறந்து பார்த்தது நாலு.