போலீசே குடியேற்றச் சட்டத்தையும் அமல்படுத்தினால் குற்றம் குறையுமா?

அமெரிக்க அனுபவத்தில் குறையவில்லை. அங்கே 2008-ல் தொடங்கிய 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' திட்டத்தில், கைதானவரின் கைரேகை எஃப்பிஐக்குப் போகும்போதே குடியேற்றத் துறைக்கும் போய்விடும். நாட்டில் தங்க ஆவணமில்லாதவர் என்று தெரிந்தால், விடுதலை நேரம் தாண்டி 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கச் சொல்லி அந்தத் துறையிலிருந்து போலீசுக்குப் படிவம் வரும். ஆராய்ந்தவர்கள் குற்ற விகிதத்தில் குறிப்பிடத்தக்க இறக்கம் எதையும் காணவில்லை.

கோளாறு எங்கே? கணவனிடம் அடி வாங்கும் ஆவணமில்லாத பெண், அவசர எண்ணான 911-ஐ அழைக்கப் பயப்படுகிறாள். அழைத்தால் வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள் நாடு கடத்தப்படலாம், அவளும் மாட்டலாம். புகாரும் சாட்சியும் இல்லாமல் வழக்கு எப்படி நிற்கும்?

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான், குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர் அங்கேயே தங்க அனுமதிக்கும் யூ விசா 2000-ல் வந்தது. விசாரணைக்கு உதவியதாகப் போலீஸ் கையெழுத்திட்ட சான்றிதழ் கிடைத்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். தேதி தாண்டினால் அந்தச் சான்றிதழ் செல்லாது. ஆண்டு வரம்பு 10,000 என்பதால் காத்திருப்பு வருடக்கணக்கில் இழுக்கிறது. அடிபட்டவர்களுக்கு இது பெரிய கொடுமை.