மலை ஸ்கீ: எந்த நீளம் வாங்குவது?

கேள்வி: ஒஸ்லோவில் இருக்கிறேன். உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. ஈஸ்டர் விடுமுறையில் நண்பர்களோடு ஃபின்சேயில் ரயில் இறங்கி, ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் நாலு நாள் குடிலுக்குக் குடில் போவதாகத் திட்டம். இதுவரை பிள்ளைகளோடு ஒஸ்லோவை ஒட்டிய நூர்மார்க்கா காட்டில் இயந்திரம் போட்ட தடத்தில்தான் ஓடியிருக்கிறேன். முதன்முறையாக, தடமில்லாத பனியில் போகும் மலை ஸ்கீ வாங்கப் போகிறேன். ஒரு கடையில் கையை மேலே தூக்கச் சொல்லி, மணிக்கட்டு வரை அளந்து, 210 செ.மீ. எடுங்கள் என்றார்கள். கூட வரும் நண்பரோ 180 போதும், திருப்ப லேசு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டும் வேண்டாம், 190 எடுங்கள்.

மணிக்கட்டு அளவு பழைய காலத்துக் கணக்கு. தடத்தில் ஓடும் மெல்லிய ஸ்கீக்கு அது ஓரளவு பொருந்தும். அதற்கே இப்போது நல்ல கடைகளில் எடையையும் கேட்பார்கள். உங்களிடம் எடையும் கேட்கவில்லை, எங்கே போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஸ்கீயைத் தரையில் வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் தரையைத் தொடும், நடுப்பகுதி சற்று வளைந்து மேலே நிற்கும். பிடிப்புக்கான மெழுகு பூசுவதும், மெழுகுக்குப் பதிலாக மீன் செதில் போல் வெட்டியிருப்பதும் அந்த நடுப்பகுதியின் அடியில்தான். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது அந்த இடம் பனியில் அழுந்தாமல் இருந்தால் ஸ்கீ வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு காலை ஊன்றி உந்தும்போது முழுக்க அமுங்கிப் பனியைப் பிடிக்க வேண்டும். ஒரே மாதிரி ஸ்கீயில் நீளம் கூடக் கூடப் பெரும்பாலும் விறைப்பும் கூடும். ஆகவே 210 உங்களுக்குச் சரியாக அமுங்காது, ஏற்றத்தில் கால் பின்னால் சறுக்கும். 180 என்றால் எப்போதும் அமுங்கியே கிடக்கும். மெழுகு சீக்கிரம் தேயும், சமதரையில் இழுத்துக்கொண்டு நடப்பீர்கள், புதுப்பனியில் புதைவீர்கள்.

இதில் எடை என்றால் குளியலறைத் தராசு காட்டும் 70 மட்டும் இல்லை. நாலு நாளுக்கான முதுகுப்பை 12 முதல் 15 கிலோ வரும். சாப்பாடு கிடைக்கும் குடில்களில் மட்டும் தங்கினால் கொஞ்சம் குறையும். அதோடு சப்பாத்து, உடுப்பு. 85 கிலோ என்று வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்கும் மாதிரிக்குத் தயாரிப்பாளர் போட்டிருக்கும் எடை அட்டவணையைப் பாருங்கள். உயரக் கணக்கும் இருக்கிறது: ஒடுக்கமான மலை ஸ்கீக்கு உயரத்தோடு 15 முதல் 25 செ.மீ. கூட்டுவது வழக்கம். இரண்டும் ஒத்துப்போனால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒத்துப்போகாவிட்டால் நான் எடையின் பக்கம்தான் நிற்பேன்.

நண்பர் சொல்வதும் பொய்யில்லை. குட்டை ஸ்கீ திருப்ப லேசுதான். காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே புகுந்து போகிறவருக்கும், யோத்துன்ஹைமன் மலைப்பகுதியில் சரிவில் இறங்கி விளையாட நினைப்பவருக்கும் அது சரி. நீங்கள் போவதோ மேட்டுநிலம். ஃபின்சே நிலையமே 1,222 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹார்டாங்கர்விடாவுக்குள் போனால் பெரும்பாலும் நீளமான சமதரை, மெல்லிய ஏற்ற இறக்கம். ஒரு நாளில் 20 கிலோமீற்றர் நடக்க வேண்டியவருக்கு நேராக, சோம்பாமல் ஓடும் ஸ்கீதான் உதவும்.

அகலத்தைச் சொல்லாமல் நீளத்தை மட்டும் சொல்வது அரைப் பதில். ஓஸ்னெஸ் நிறுவனத்தின் காம்மே 54-ஐ எடுத்துக்கொண்டால், மூக்கில் 68, நடுவில் 54, வாலில் 61 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் இங்ஸ்தாட் 84-62-74. சுமார் 70 மில்லிமீற்றருக்கு மேல் மூக்கு அகன்றால் இயந்திரத் தடத்தின் பள்ளத்தில் சரியாக உட்காராது. நீங்கள் வார இறுதியில் நூர்மார்க்காவிலும் இதையே போடப் போகிறவர் என்பதால் ஒடுக்கமானதே மேல். அகலமானதை எடுப்பவர்கள் பனியில் மிதக்கும் பரப்பு கூடுதலாகக் கிடைப்பதால் ஓரளவு குட்டையாக எடுக்கலாம். எதுவானாலும் உருக்கு விளிம்பு இருக்கட்டும். ஈஸ்டர் காலையில் காற்று அடித்து இறுகிய பனியில் அது இல்லாமல் குறுக்குச் சரிவைக் கடப்பது பெரும்பாடு.

கடைக்குப் போகும்போது முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி, நிஜப் பயணத்து எடையில் கொண்டுபோங்கள். சமமான கடினத் தரையில் ஸ்கீ இரண்டையும் வைத்து, பையோடு ஏறி நில்லுங்கள். பெருவிரல் ஸ்கீயின் சமநிலைப் புள்ளியில் இருக்க வேண்டும். பாதத்துக்கு அடியில் ஒரு தாளை நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லுங்கள். இரண்டு காலில் நிற்கும்போது தாள் நகர வேண்டும்; ஒரே காலுக்கு மாறியதும் சிக்கிக்கொள்ள வேண்டும். மலை ஸ்கீயின் வளைவு தட ஸ்கீயை விட மென்மை, அதனால் தாள் கொஞ்சம் உரசி நகர்ந்தால் பரவாயில்லை. இரண்டு காலிலேயே இறுகிவிட்டால் அடுத்த கூடுதல் நீளம். ஒரு காலிலும் சுதந்திரமாக ஓடினால் ஒரு அளவு குறையுங்கள். இதைச் செய்து காட்ட மாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: என் மனைவியும் வருகிறார். உயரம் 158, எடை 78 கிலோ. அட்டவணையில் உயரத்துக்கு 170 என்றும் எடைக்கு 180 என்றும் இருக்கிறது.

பதில்: 180. உயரத்தை விட 22 செ.மீ.தான் கூட, கட்டுப்படுத்த முடியாத நீளம் இல்லை. 170 எடுத்தால் பை ஏறியதும் தட்டையாகிவிடும். மெலிந்து உயர்ந்தவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: 185 செ.மீ. உயரமும் 62 கிலோவும் உள்ள ஒருவர் உயரத்தைப் பார்த்து 210 எடுத்தால் ஏற்றம் முழுக்க வழுக்குவார்.

கேள்வி: ஃபின் என்ற விளம்பர இணையதளத்தில் ஒருவர் பழைய 190-ஐ மலிவாக விற்கிறார். வாங்கலாமா?

பதில்: பார்த்துவிட்டு வாங்கலாம். இரண்டு ஸ்கீயின் அடிப்பகுதிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். ஏற்கெனவே ஒட்டிக் கிடந்தால் வளைவு போய்விட்டது, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். உருக்கு விளிம்பு அடியிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான துரு பெரிய விஷயமில்லை, தேய்த்தால் போகும். சப்பாத்தை ஸ்கீயில் மாட்டும் பைண்டிங் எந்த வகை என்று கேளுங்கள்: என்என்என் பிசி, எக்ஸ்ப்ளோர், பழைய 75 மில்லிமீற்றர் மூன்றும் வெவ்வேறு சப்பாத்து கேட்பவை. ஸ்கீ மலிவாகி, சப்பாத்தும் புதிதாக வாங்க வேண்டி வந்தால் லாபம் எங்கே?

அப்புறம், தனியாரிடம் வாங்கினால் 14 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது. அது நோர்வேயில் இணையக் கடையில் வாங்கும்போது சட்டம் தருவது. கடைக்கு நேரில் போய் வாங்கினாலும் அந்த உரிமை இல்லை. கடை தானாக முன்வந்து மாற்றித் தந்தால்தான் உண்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கியதை வீட்டுக்குள் தாள் வைத்துச் சோதிக்கலாம். பனியில் இறக்கினாலோ பைண்டிங்குக்குத் துளை போட்டாலோ மதிப்புக் குறைந்ததற்குப் பணம் பிடிக்கலாம். அதனால் நீளம் முடிவாகும் வரை துளை போட வேண்டாம்.