ஆய்வுக் கட்டுரையை எவ்வளவு தூரம் நம்பலாம்? கேள்வி பதில்

கேள்வி: ஒரு மருந்து நல்லது என்று ஒரு ஆய்வு, கெடுதல் என்று அடுத்த மாதமே இன்னொன்று. எதைத்தான் நம்புவது சார்?

பதில்: ஒற்றைக் கட்டுரையை வைத்து எதையும் மாற்றிக்கொள்ளாதீர்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்களா, சும்மா கவனித்துக் கணக்கெடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகையில் தொடர்பு தெரியும், காரணம் தெரியாது. "அபாயம் 50 சதவீதம் அதிகம்" என்று செய்தி வந்தால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று தேடுங்கள். 10,000 பேரில் 2 பேர் 3 பேர் ஆனாலும் அது 50 சதவீதம்தான்!

கேள்வி: நிபுணர்கள் சரிபார்த்த பிறகும் தவறான கட்டுரை எப்படி வெளியாகிறது?

பதில்: சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர், அதுவும் சம்பளமில்லாமல். எழுதியிருப்பதைப் படிப்பார்களே தவிர, சோதனையைத் திரும்பச் செய்வதில்லை. மூலத் தரவு பல சமயம் அவர்கள் கைக்கே வராது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல்.

கேள்வி: முனைவர் பட்ட மாணவி நான். பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிட்டால் போதாதா?

பதில்: விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு. எத்தனை சோதனை செய்து அது வந்தது? உண்மையில் விளைவே இல்லாத இடத்தில் தனித்தனியாக 20 சோதனை செய்தால், ஒன்றிலாவது தற்செயலாக 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. வந்த ஒன்றை மட்டும் எழுதி, மற்ற 19ஐ மறைத்தால் வாசகர் ஏமாறுகிறார். உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த 2015ஆம் ஆண்டு முயற்சியில் இது வெட்டவெளிச்சமானது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தவை. மறுமுறை தேறியவை 36 சதவீதம். எல்லாமே மோசடி என்று அர்த்தமில்லை. சிறிய மாதிரி, வேண்டிய முடிவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் பகுப்பாய்வு, இவையே போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தரவு சேகரிக்கும் முன்பே கருதுகோள், மாதிரி அளவு, பகுப்பாய்வு முறை மூன்றையும் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். எதிர்பார்க்கும் விளைவு பாதியானால் மாதிரி நான்கு மடங்கு வேண்டும். இதைக் கணக்கிடாமல் இறங்குவதால்தான் பலர் இரண்டாம் ஆண்டில் முழிக்கிறார்கள்.

கேள்வி: விளைவு இல்லை என்று முடிவு வந்தால்?

பதில்: தாராளமாக வெளியிடுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் அதே சுவரில் முட்டிக்கொள்வார்.

கேள்வி: உடனடிப் பயன் இல்லாத ஆய்வுக்கு மக்கள் பணம் ஏன்?

பதில்: யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவை 1969இல் விவரித்தபோது யாரும் நோய்ப் பரிசோதனையை நினைக்கவில்லை. அதன் நொதி கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கும், அதனால்தான் மரபணுப் பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை சுலபமானது. எல்லா ஆய்வும் இப்படிக் காய்க்காது என்பதும் உண்மை. எது காய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல்.

கேள்வி: கட்டணம் கட்டினால் 3 நாளில் பிரசுரம் என்று மின்னஞ்சல் வருகிறது. அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். 3 நாளில் முறையான மதிப்பாய்வு நடக்காது. கட்டணம் மட்டும் போலிக்கு அடையாளமல்ல, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க இதழ்களும் வாங்குகின்றன. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் பட்டியலிலேயே தேடுங்கள், இதழின் பக்கத்தை நம்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். அது உறுதியாகும்வரை வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைச் சமர்ப்பிப்பு ஆகிவிடும்.